தட்டிப் பார்த்துக் குடிபுகுவோம்

பங்குக் குருவாயிருப்பவர் ஓராண்டில் எத்தனை புது வீடுகளுக்குள் காலடி வைக்கிறார் என்று கணக்கெடுத்தால், வீட்டுத் தரகர்களுக்கு அடுத்த இடத்தில் அவரைத்தான் வைக்க வேண்டியிருக்கும். இராயபுரத்தில் தொடங்கித் தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் எனத் துறைமுகத்திற்கும் ஆலைப் புகைபோக்கிகளுக்கும் இடையே நீண்டு கிடக்கும் இந்தக் கடலோரத்தில், தீர்த்தச் செம்பும் ஜெபப் புத்தகமுமாக நாம் ஏறி இறங்கிய மாடிப்படிகள் கொஞ்சமல்ல. வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருக்கும். திரு இருதய ஆண்டவர் படத்துக்கு ரோசா மாலை சாத்தியிருக்கும். அடுப்பில் பால் பொங்கும். அறை அறையாகச் சென்று தீர்த்தம் தெளிக்கையில் வீட்டார் கண்கள் நம் கையின் மேல் இருக்கும். நம் கண்களோ சுவரின் மேல் இருக்கும். தெளித்த நீர் சில சுவர்களில் முத்து முத்தாக உருண்டு இறங்கும். வேறு சில சுவர்கள் அதை அப்படியே குடித்துவிட்டுக் கறுத்துப் போகும்.

குருவானவருக்குச் சுவரில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். வேலை உண்டு, அதுவும் வேதாகமத்திலேயே உண்டு. லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியைப் புரட்டிப் பாருங்கள். கானான் நாட்டில் ஒருவன் வீட்டுச் சுவரில் ஏதோ நோய் போன்ற கறை கண்டால், அவன் போய்ச் சொல்ல வேண்டியது கொத்தனிடம் அன்று, குருவிடம். குரு வருமுன் வீட்டிலுள்ள பண்ட பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு அவர் உட்சென்று, சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவு விழுந்திருக்கிறதா என்று நோக்குவார். இருந்தால் வீட்டை ஏழு நாள் அடைத்து வைப்பார். ஏழாம் நாள் மீண்டும் வந்து, கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுற்றிலும் பூச்சைச் சுரண்டி ஊருக்கு வெளியே கொட்டச் சொல்லி, வேறு கல்லும் வேறு சாந்தும் வைக்கச் செய்வார். அதன் பிறகும் கறை திரும்பினால் வீட்டையே இடித்துவிட வேண்டியதுதான். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது, தூய்மைச் சட்டங்களுள் ஒன்று என்று விளக்கம் கேட்டுக்கொண்டு கடந்து போனோம். வட சென்னையில் சில மழைக்காலங்களைக் கழித்த பிறகுதான், இது ஒரு தேர்ந்த கட்டடப் பரிசோதகரின் நடைமுறை என்பது விளங்கியது. வீடு காலியாக இருக்கும்போது பார்க்க வேண்டும். ஒரு முறை பார்த்தது போதாது, சில நாள் விட்டுத் திரும்பவும் பார்க்க வேண்டும். மேலே சாயம் பூசி மறைக்காமல், பழுதுபட்ட பூச்சைச் சுரண்டி எறிய வேண்டும். இம்மூன்றையும் இன்றைய பொறியாளர் எவரும் மறுக்கமாட்டார். அக்காலத்துக் குரு இன்று நம் பகுதிக்கு எழுந்தருளினால் அவர் கொண்டுவரும் பூட்டுகள் போதா என்பது வேறு விஷயம்.

நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்திலேயே நடந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்காப் பகுதியில் குடிசை மாற்று வாரியம் ஒன்பது மாடிகளாகக் கட்டிய குடியிருப்பில், முதற்கட்டமாக 864 வீடுகள் எழுந்தன. 2021 ஆகஸ்ட் மாதம், குடிவந்த மக்கள் சுவரைக் கையால் தொட்டதும் பூச்சு மணலாய் உதிர்ந்தது. ஒரு விரல் நகத்தால் சுவரில் பள்ளம் விழுவதைப் படம் பிடித்து அவர்கள் காட்டினார்கள், நாடே பார்த்தது. சட்டமன்றத்தில் பேச்சு எழுந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. பூச்சு வேலையில் குறை உண்டு என்பது அவர்கள் ஆய்விலும் உறுதியாயிற்று. பொறியாளர் இருவர் தற்காலிகப் பணி நீக்கம் செய்யப்பட்டனர்.

இதில் நாம் கவனித்த ஒன்றுண்டு. குறையை முதலில் கண்டறிந்தவர் பரிசோதனைக்கூடத்து விஞ்ஞானி அல்லர். வீட்டைக் கூட்டிப் பெருக்கிய தாய்மார்களே கண்டார்கள். காலையில் பெருக்கிய மூலையில் மாலையில் மறுபடி மணல் கிடந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிற புத்தி அவர்களுக்கு இருந்தது. அதே சமயம், தெருமுனையில் சிலர் பேசிக்கொண்டதும் நம் காதில் விழுந்தது: "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?" இந்தப் பழமொழி நமக்கு எக்காலத்திலும் பிடித்ததில்லை. அரசாங்கம் ஏழைக்குக் கட்டித் தரும் வீடு தானம் அன்று. தீப்பெட்டி வாங்குகிற ஏழையும் வரி கட்டுகிறான். இத்தகைய திட்டங்கள் பலவற்றில் பயனாளி தன் பங்குத் தொகையையும் செலுத்துகிறான். பிறகு அவன் ஏன் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது? மாடு சாய்ந்தால் பால்தான் போகும். சுவர் சாய்ந்தால் பிள்ளைகளல்லவா போய்விடும்!

அவ்வாண்டு இறுதியில் திருவொற்றியூரில் நிகழ்ந்ததை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. கிராமத் தெருப் பகுதியில் அரிவாக்குளம் குடியிருப்பு என்று ஒன்று, 1990-களில் கட்டப்பட்டது. 2021 டிசம்பர் 27 அன்று, அதில் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் அப்படியே சரிந்து மண்மேடாயிற்று. கிறிஸ்து பிறப்புத் திருநாளின் நட்சத்திர விளக்குகள் தெருக்களில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த நேரம். ஓர் உயிரும் போகவில்லை. காரணம், சுவரில் விரிசல் விரிவதைக் கண்டவர்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு முன்னதாகவே வெளியேறியிருந்தார்கள். பண்டங்கள் போயின, மனிதர் பிழைத்தனர். "விரிசல் எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான்" என்று அவர்களும் படுத்து உறங்கியிருந்தால்? அந்தக் குடியிருப்பு புதியதன்று என்பது உண்மை. ஆயினும் முப்பது ஆண்டுகூட நிறையாத கட்டடம் ஏன் விழ வேண்டும் என்ற கேள்வியை, இன்று புது வீட்டுச் சாவியைக் கையில் வாங்குகிறவர் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

விடையின் ஒரு பகுதி நம் காற்றிலேயே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வரும் மணல் அங்கே தடுக்கப்பட்டு மெரீனாக் கடற்கரை அகன்று கொண்டே போயிற்று. வடக்கே நம் கரையோ மணல் வரவின்றி அரிக்கப்பட்டது. ஊரார் காற்று வாங்கும் கடற்கரை அங்கே வளர வளர, இங்கே வீடுகள் கடலுக்கு அருகே வந்துவிட்டன. கல்லணைகளும் நீள்கரைகளும் போட்டுத்தான் இன்று காக்கிறார்கள். அலை தெறிக்கும் உப்பு, காற்றோடு வந்து சுவரில் படிகிறது. அது கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கி உள்ளிருக்கும் கம்பியை எட்டினால் துரு பிடிக்கிறது. துருவானது இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைத்துக் கொள்ளும். உள்ளே வீங்கி, மேலுள்ள காரையைப் பிளந்து தள்ளும். பழைய குடியிருப்புகளின் பால்கனி அடியில் ஜல்லி பெயர்ந்து கம்பி எலும்பாய்த் தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் கதை இதுதான்.

ஆகவே கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே காரை எவ்வளவு தடிப்பாக மூடியிருக்கிறது என்பது கடலோரத்தில் உயிர்நிலையான கேள்வி. இந்தியத் தர நிர்ணயத்தின் 456-ஆம் எண் விதி, கடற்காற்றுக்கு நேராக வெளிப்பட்டிருக்கும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் மூடல் கேட்கிறது. கடல்நீர் தெறிக்கும் இடமாயின் 50 மில்லிமீட்டர். உள்நாட்டு ஊரில் பழகிய மேஸ்திரி, அங்கே போட்ட 20 மில்லிமீட்டர்க் கணக்கையே இங்கும் போட்டால் என்னாகும்? கலவைக்கு ஊற்றும் தண்ணீருக்கும் அதே விதியில் வரம்பு உண்டு. கம்பி வைத்த கான்கிரீட்டாயின் ஒரு லிட்டரில் 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தலாகாது. நம் பகுதியின் ஆழ்குழாய் நீரைப் பல இடங்களில் வாயில் வைக்க முடியாது. அதைக் கலவையில் ஊற்றிவிட்டுச் சுவரில் உப்பு பூக்கிறதே என்று பிறகு வியப்பதில் பொருளில்லை.

இப்போது நம் பங்கின் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர்கள் வேண்டாம். குடும்பத் தலைவர் துறைமுகத்தில் சரக்குப் பெட்டகங்களைத் தூக்கும் கிரேன் இயக்குபவர். வைப்பு நிதியிலிருந்து எடுத்தது, மனைவியின் நகைகளை வைத்து வாங்கியது, வங்கிக் கடன் என்று மூன்றையும் சேர்த்துத் திருவொற்றியூரை அடுத்து ஓர் அடுக்கு மாடியின் இரண்டாம் தளத்தில் வீடு வாங்கினார். மந்திரிப்புக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. அழைப்பிதழைக் கொடுக்க வந்த அவர் மனைவி தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார்: "சாமி, படுக்கையறைச் சுவரில் ஆணி அடிக்கச் சொன்னேன். ஆணி நிற்கவில்லை, கையோடு வந்துவிட்டது. இவரிடம் சொன்னால், நல்ல காரியம் நடக்கும்போது குறை பேசாதே என்கிறார்."

கணவர் மேல் நமக்குக் கோபம் வரவில்லை. அவருடைய இக்கட்டு நமக்குத் தெரியும். வாடகை வீட்டுக்கு வாடகை. வாங்கிய வீட்டுக்கு மாதத் தவணை. ஒரு மாதம் தாமதித்தால் இரண்டும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும். கட்டியவர்களின் மேற்பார்வையாளரோ, "கையெழுத்தைப் போட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் சார்; சின்னச் சின்ன வேலை எல்லாம் அப்புறம் ஆள் அனுப்பிச் செய்து தருகிறோம்" என்று தினமும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார். அந்த 'அப்புறம்' என்னும் சொல்லில் எத்தனை குடும்பங்கள் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கின்றன என்பதை நாம் அறிவோம். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடும் வரை வாங்குகிறவரிடம் ஒரு பிடி இருக்கிறது. போட்ட மறுகணம் அந்தப் பிடி கைமாறிவிடுகிறது.

பங்கிலே முதிய மேஸ்திரி ஒருவர் உண்டு. பதினான்கு வயதில் சித்தாள் வேலைக்கு வந்தவர். சுண்ணாம்பு அரைத்துக் கட்டிய காலத்தையும் பார்த்தவர், சிமெண்டு காலத்தையும் பார்த்தவர். இராயபுரம் புகைவண்டி நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்து பார்ப்பார்; 1856-இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் இன்னும் நிற்பது அவருக்குத் தம் சொந்தக் குடும்பத்துப் பெருமை போல. அவரை அழைத்துக்கொண்டு நாமும் அந்த வீட்டுக்குப் போனோம். அவர் கொண்டுவந்த பையில் விலையுயர்ந்த கருவி ஒன்றுமில்லை. ஒரு தூக்குக்குண்டு, ஒரு ரசமட்டம், சாக்கட்டி, டார்ச் விளக்கு, ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, பேரன் விளையாடும் கோலிக்குண்டு இரண்டு, கொஞ்சம் பழந்துணி.

முதலில் நாணயத்தால் சுவரைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் 'டக்' என்று கேட்டது. படுக்கையறைக்கு வந்ததும் ஓசை மாறிற்று. "இது டப்பா சத்தம் சாமி, பூச்சு செங்கல்லைப் பிடிக்கவில்லை" என்று சொல்லி அவ்விடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டார். பிறகு சாவி முனையால் கீறினார். நல்ல பூச்சில் வெள்ளைக் கோடுதான் விழும். இங்கே மணல் கொட்டியது. மணல் கூடிச் சிமெண்டு குறைந்திருக்கலாம். எம்-சாண்ட் என்ற பெயரில் கல்லுடைக்கும் ஆலைத் தூளைக் கலந்திருக்கலாம். அல்லது பூசிய பின் நீர் விட்டு நனைக்காமல் விட்டிருக்கலாம். மூன்றாவதே அதிகம் என்பது அவர் அனுபவம். சிமெண்டு வெயிலில் காய்ந்து இறுகுவதன்று. நீரைக் குடித்து இறுகுவது. சாதாரணச் சிமெண்டு கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளும் ஈரம் காக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும். தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்க வேண்டிய இடத்தில் முதலில் வெட்டு விழுவது இந்த நனைப்பில்தான்.

டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்தார். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி போல் தெரிந்த சுவர், அந்தச் சாய்வு ஒளியில் கடல் அலையாய் மேடு பள்ளம் காட்டியது. அது அழகுக் குறைதான், விட்டுவிடலாம் என்றார். தூக்குக்குண்டை நிலைப்படியின் ஓரம் தொங்கவிட்டார். சமையலறைக் கதவு நிலை விரற்கடை அளவு சாய்ந்திருந்தது. கோலியைக் குளியலறையின் தரையில் வைத்தார். அது நீர் போகும் துளையை நோக்கி ஓட வேண்டும். ஓடியது கதவை நோக்கி! கிரேன் இயக்கும் நண்பர் அதுவரை கைகட்டி ஓரமாய் நின்றவர், கோலியைத் தாமே எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தார். மறுபடியும் அது கதவை நோக்கியே ஓடியது. அவர் முகம் சிறுத்துப்போனது.

குளியலறையின் துளைகளைப் பழந்துணியால் இறுக அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பினார் மேஸ்திரி. நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடிட்டார். இரண்டு இரவு அப்படியே கிடக்கட்டும் என்றார். "அதற்குள் மந்திரிப்பு நாள் வந்துவிடுமே!" என்று அந்த அம்மாள் பதறினார். "தள்ளிவைத்தால் அபசகுனம் என்று என் மாமியார் சொல்வார்களே, சாமி." ஞானஸ்நானம் பெற்று நான்கு தலைமுறை கண்ட குடும்பங்களிலும் நாட்காட்டியில் இராகு காலத்தை ஓரக்கண்ணால் பார்க்கிற வழக்கம் இன்னும் போகவில்லை, அதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம். அந்த அம்மாளிடம் நாம் சொன்னது இவ்வளவே: "மந்திரிப்புக்கு நாள் பார்க்கிறவர் நாம், நாம்தான் தள்ளிவைக்கிறோம் என்று உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள். வந்து கேட்கட்டும்." அவர் வந்தார். கேட்டார். கோலியை ஓடவிட்டுக் காட்டியபின் ஒன்றும் பேசாமல் போனார்.

மூன்றாம் நாள் காலை, முதல் தளத்தில் விற்காமல் பூட்டியிருந்த வீட்டைத் திறக்கச் செய்தோம். அதன் குளியலறைக் கூரையில் கைக்குட்டை அளவுக்கு ஈரம். ஒரு மூலையில் சொட்டுச் சொட்டாக நீர். கீழ் வீட்டில் ஆள் இருந்திருந்தால், இரண்டு குடும்பங்களுக்கிடையே அது எத்தனை ஆண்டுப் பகையாக வளர்ந்திருக்கும்! மேலே இருப்பவர் நீர் ஊற்றுகிறார் என்று கீழே இருப்பவரும், கீழே இருப்பவர் பொறாமையால் பேசுகிறார் என்று மேலே இருப்பவரும் பலிபூசைக்கு வந்தும் முகம் திருப்பிக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். பகையின் மூலம் ஒரு பள்ளத் தளத்தில் சரியாகப் பூசாத நீர்க்காப்புப் பூச்சு!

குறைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி, படங்களும் எடுத்து, கட்டியவர்களிடம் கையெழுத்துப் பெற்று ஒப்படைத்தார் நம் நண்பர். அவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அதே கட்டடத்தில் வாங்கிய வேறு நான்கைந்து குடும்பங்களும் தத்தம் குளியலறையில் நீர் கட்டிப் பார்க்கத் தொடங்கியதும் குரல் தணிந்தது. குளியலறைத் தரை பெயர்க்கப்பட்டு நீர்க்காப்பும் சாய்வும் மறுபடி செய்யப்பட்டன. படுக்கையறைப் பூச்சு செங்கல் தெரியச் சுரண்டப்பட்டது. சமையலறை நிலை மட்டும் சாய்ந்தபடியே நிற்கிறது. கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஒரு மாத வாடகை கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தத் தொகை அக்குடும்பத்துக்குச் சிறியதன்று. பள்ளிக் கட்டணம் ஒன்று அதனால் தள்ளிப் போயிற்று என்பதும் நமக்குத் தெரியும். மேஸ்திரிக்கு என்ன கொடுப்பது என்று கேட்டார்கள். ஒரு நாள் முழுக் கூலி கொடுங்கள் என்றோம். கோயில் ஆள்தானே, தேநீர் போதும் என்று நினைக்கிற வழக்கம் நல்லதல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நேயர்கள் அறிந்திருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாள் முதல் 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை கண்டு தெரிவித்தால், கட்டி விற்றவர் 30 நாட்களுக்குள் மேற்கட்டணமின்றிச் சரிசெய்து தரவேண்டும். தவறினால் இழப்பீடு கேட்கலாம். அடுக்கு மாடித் திட்டங்களின் பதிவு எண்ணை வாங்குமுன்னே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மனையின் பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ இருந்தால் அத்திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்று சட்டம் விலக்களிக்கிறது. நம் சந்துகளில் எழும் சிறு கட்டடங்கள் பல அந்த விலக்குக்குள் நுழைந்துவிடுகின்றன. அங்கே வாங்குகிறவர் தம் ஒப்பந்தப் பத்திரத்திலேயே குறை நீக்கும் காலத்தை எழுதிக்கொள்வது நலம். வாய்ச்சொல்லை எந்த மன்றமும் ஏற்பதில்லை. வாரியக் குடியிருப்புகளில் ஒதுக்கீடு பெறுகிறவர்களுக்கு வேண்டாம் என்று மறுக்கும் உரிமை நடைமுறையில் இல்லை. ஆகையால் அவர்கள் தனித்தனியே அலையாமல், மாடி மாடியாகச் சேர்ந்து ஒரே மனுவாக எழுதுவதே பயன் தரும். பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் போன்றோர் எழுதித் தர உதவலாம். அந்த வாரியத்துக்கு 2021 முதல் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று பெயர். பழைய பெயரில் மனு எழுதி அது திரும்பி வந்ததாக ஒருவர் நம்மிடம் குறைப்பட்டார்.

நாணயமும் கோலியும் எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று எண்ணிவிடலாகாது. 2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் ஒன்று மழை மாலையில் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த ஏழைத் தொழிலாளர். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி அங்கே வீடு பதிந்தவர்கள் அந்தப் புழுதி எழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே பழுது பூச்சில் இருந்ததன்று. மண்ணின் தாங்கு திறனிலும் தூண்களின் கணக்கிலும் இருந்தது. அதை மேஸ்திரியின் காது கேட்காது. மண் பரிசோதனை அறிக்கை, கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடம், திட்ட அனுமதி, பணி நிறைவுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்கி, விவரம் தெரிந்த பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் காட்ட வேண்டும். மகள் கல்யாணத்தில் மேளக்காரருக்குக் கொடுப்பதில் பாதிகூட அதற்கு ஆகாது. ஆனாலும் அதைத்தான் வீண் செலவு என்கிறோம்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு இடையில் ஒரு நாள் கொட்டி ஓய்ந்ததும் போய்ப் பாருங்கள். சன்னல் மூலைகளும் கூரை ஓரங்களும் தாமாகவே உண்மையைச் சொல்லிவிடும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுக் கழிவறைத் தொட்டியையும் இழுத்துப் பாருங்கள். கழிவு நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று கீழே இறங்கி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மின்கசிவு தடுப்பானில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் மின்சாரம் உடனே அற்றுப்போக வேண்டும். அற்றுப்போகாவிட்டால் அது சுவருக்கு அலங்காரம் மட்டுமே. உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் கொண்டியும் கீலும் இரண்டு மழைக்குத் தாங்கா என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக மொட்டை மாடிக்கு ஏறுங்கள். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்றும், கட்டாமல் எவரேனும் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும் என்றும் உபாகமம் 22-ஆம் அதிகாரம் விதிக்கிறது. இன்றைய கட்டட நெறிகள் அதன் உயரம் ஒரு மீட்டருக்குக் குறையலாகாது என்கின்றன. நம் பகுதியில் காற்று எழும்பினால் பிள்ளைகள் காற்றாடியோடு மாடிக்கு ஓடுகிறவர்கள். பின்னால் நடந்துகொண்டே நூலை இழுப்பவர்கள். ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். தளவரிசை ஓடு பதித்த பின் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். ஓடு பதிக்கு முன் சரியாயிருந்த சுவர், பதித்த பின் நான்கு அங்குலம் குட்டையாகிவிடும். இரும்புக் கம்பித் தடுப்பாயிருந்தால் இரு கைகளாலும் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால், சாவியை வாங்காமல் கீழே இறங்கி வாருங்கள்.